மகுடீஸ்வரி அக்காவுக்கு ஒரு பாட்டு

அண்ணே, அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்களேன். பாட்டுதான் இல்ல, காத்தாச்சும் வரட்டும்.

கவர்மெண்டு பஸ்ல எனக்கு இது ஒண்ணுதாண்ணே ஆகாது. சீட்டு கிழிஞ்சிருக்கா, கிழிஞ்சிருக்கட்டும். மழை பேஞ்சா உள்ளயே குடை பிடிக்கணுமா, பிடிச்சுக்குவோம். ஆனா திண்டுக்கல்லுல ஏறி திருச்சி போற வரைக்கும் ஒரு பாட்டு இல்லாம மனுசன் எப்படி உக்காந்திருப்பான்? பாருங்க, ஒவ்வொருத்தர் மூஞ்சியும் வாய்தாவுக்கு கோர்ட்டுக்குப் போற மாதிரியே இருக்கு.

உங்க காதுல என்ன ஓடுது? இருங்க இருங்க, சொல்லாதீங்க. நானே கண்டுபிடிக்கிறேன். எனக்கு மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சிரும். புருவத்தைச் சுருக்கி, வாயை இறுக்கி மூடி, ஏறுனதுல இருந்து ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வர்றீங்க. வயலின். சோக வயலின். இல்லையா? அப்ப கஜல்? அதுவும் இல்லையா?

பாட்டே ஓடலையா? அப்ப எதுக்குண்ணே மாட்டியிருக்கீங்க?

ஓ... சார்ஜ் இல்லையாக்கும். பாவம்ணே. முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேச்சுக் கொடுத்திருப்பேன்ல. வடமதுரை தாண்டுற வரைக்கும் சும்மாவே உக்காந்து வந்திருக்கீங்க.

எம் பேரு ரீகன். எங்கப்பா வச்சது. எனக்கு முன்னாடி பொறந்தவன் கென்னடி. அவன் துபாய்ல ஏசி மெக்கானிக். நான் பாலிடெக்னிக் மூணு செமஸ்டர். வெள்ளை மாளிகைப் பக்கம் ரெண்டு பேருமே இன்னும் போகல.

எனக்குப் பாட்டுதாண்ணே எல்லாம். என்ன பாட்டுன்னு கேக்காதீங்க. சில பேரு சொல்லுவாங்க, எனக்குப் பழைய பாட்டுதான் பிடிக்கும், எனக்கு மெலடிதான் பிடிக்கும்னு. எனக்கு வலது காலால மட்டும்தான் நடக்கப் பிடிக்கும்னு சொல்ற மாதிரில்ல இருக்கு? எனக்கு எல்லாம் வேணும். மாதா கோயில் கொயர்ல நான்தான் கட்டைக்குரல். சந்தனக்கூடுன்னா தர்காவுல தப்ஸ் அடிச்சுப் பாடுவாங்கல்ல, அங்க முதல் வரிசையில நான்தான். அடிக்கிறவங்களை விட எனக்குத்தான் வேர்க்கும். எங்க ஏரியாவுல யார் செத்தாலும் மாலையோட முதல் ஆளா நிப்பேன். பாசக்காரப் பயன்னு நினைப்பாங்க. எனக்கு ஒப்பாரி கேக்கணும்ணே, அவ்வளவுதான். ஒரு தடவை அழுதுக்கிட்டு இருந்த அம்மா மூச்சு வாங்க நிறுத்துச்சு. நான் மெதுவா கிட்டப் போயி, "அத்தே, அந்த ரெண்டாவது அடியை மட்டும் இன்னொருக்கா"ன்னுட்டேன். செத்தவரோட மச்சான் என் சட்டையைப் பிடிச்சுட்டாரு. பட்டன் போச்சு. ஆனா அந்த அம்மா பாடுச்சுண்ணே, அதைச் சொல்லணும்ல.

கர்நாடகமும் கேப்பேன். சிரிக்காதீங்க. வெயிலுக்கு ஒதுங்கி ஏசி மண்டபம்னு உள்ள போனவன்தான் நான். உள்ள ஒருத்தரு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுறாரு. என்னடா, சிடி மாட்டிக்கிச்சான்னு பாத்தா, இல்ல! ஒவ்வொரு தடவையும் வேற வழியா அதே வீட்டுக்குள்ள வர்றாருண்ணே. வாசல் வழியா வந்தாரு. கொல்லைப்பக்கமா வந்தாரு. கடைசியா ஓட்டைப் பிரிச்சு இறங்குனாரு பாருங்க, நான் விசில் அடிச்சுட்டேன். வெளியில கொண்டாந்து விட்டுட்டாங்க.

ஹாஸ்டல்ல என் ரூம்ல ஷில்லாங் பையன் ஒருத்தன். அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. அவன் மெட்டல் போடுவான், நான் கானா போடுவேன். அவன் கிட்டார்ல பதில் சொல்லுவான், நான் வாளியைக் கவுத்து பதில் சொல்லுவேன். மூணு செமஸ்டரும் இப்படித்தான் பேசிக்கிட்டோம். பரிட்சையில இதைப் பத்தி ஒரு கேள்வியும் வரல. அதான் படிப்பு நின்னுபோச்சு.

எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, இப்படிப்பட்ட என்னை ஒரு பொம்பளை இந்த வருசம் சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் அவமானப்படுத்திருச்சுண்ணே. பொம்பளைன்னா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. எங்கம்மா வயசு. அக்கான்னு கூப்பிடுவேன்.

எங்க பக்கம் பிரைவேட் பஸ்ஸுல போயிருக்கீங்களா? வேடசந்தூர்ல இருந்து திண்டுக்கல் வர்ற ரோட்டுல ஓடுற வண்டி. ரெண்டு பஸ்ஸு, ஒண்ணு வாலை ஒண்ணு பிடிச்சுக்கிட்டே வரும். ஒண்ணு வெற்றிவேலன், ஒண்ணு எங்க மயில்ராணி. ரெண்டும் ஒரே ரோடு, ஒரே டிக்கெட்டு. அப்ப சனங்க எதைப் பாத்து ஏறும்? பாட்டைக் கேட்டுத்தான். ஸ்டாப்புல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்கண்ணே. காலேஜ் பையன் முதல் வண்டி வந்து நின்னாலும் ஏற மாட்டான். "இதுல செட்டு சரியில்லடா, பின்னாடி வருது பாரு"ம்பான்.

நான் மயில்ராணியில சும்மா பாசஞ்சராத்தான் போனேன். கண்டக்டர் தவசி அண்ணன் காலங்காத்தால ஒரு சோகப்பாட்டைப் போட்டாரு. நான் எந்திரிச்சு, "ஏண்ணே, விடியும்போதே காதல் தோல்வியா? மனுசன் காதலிக்கவாச்சும் நேரம் குடுங்கண்ணே"ன்னேன். பஸ்ஸே சிரிச்சிருச்சு. அவருக்குக் கோவம். "பெரிய இவரு. நாளைக்கு நீயே கொண்டாந்து போடு, பாப்போம்"னாரு.

போட்டேன்ணே. அன்னையிலிருந்து டிரைவர் சிக்கந்தர் பாய்க்குப் பக்கத்துல இஞ்சின் பெட்டி மேல என் இடம். சூடாத்தான் இருக்கும். ஆனா என் இடம். எங்க வீட்டுல நான் உள்ள வந்தாலே எங்கம்மா டிவி சவுண்டைக் கூட்டும். பாலிடெக்னிக்ல என் ரோல் நம்பரை அடுத்த வருசமே வேற எவனுக்கோ குடுத்துட்டாங்க. இங்க ஏறுற பொண்ணு கேக்குது, "ரீகன் அண்ணன் இன்னைக்கு இருக்காரா?" அண்ணே, அந்த ஒரு கேள்விக்காக நான் அந்த இஞ்சின் மேலயே வெந்து செத்திருப்பேன்.

இதுல ஒரு முறை இருக்கு, சும்மா போட முடியாது. வண்டி எடுத்ததும் மூணு சாமிக்கும் ஆளுக்கொரு பாட்டு. அப்புறம் ஸ்கூல் காலேஜ் கூட்டத்துக்குத் துள்ளல். மத்தியானம் சந்தைக்குப் போறவங்களுக்குப் பழசு. சாயங்காலம் வீடு திரும்புறவங்களுக்கு மெலடி. வெளிச்சத்தைப் பாத்து பாட்டு. காலைன்னா சுறுசுறுப்பு. இதுதான் தொழில் விதி. எந்த பஸ்ஸுலயும் இதுதான்.

அந்தக் காலை டிரிப்புலதான் மகுடீஸ்வரி அக்கா ஏறும். ரோட்டோரம் ஒரு ஸ்பின்னிங் மில்லு இருக்கு. நைட் ஷிஃப்ட் முடிச்சு பொம்பளைங்க மொத்தமா ஏறுவாங்க. தலை பூரா பஞ்சு. மூணாவது சீட்டு ஜன்னலோரம் அக்காவுக்கு. சரியா அவங்க தலைக்கு மேலதான் பெரிய ஸ்பீக்கரு. பஸ்ஸுலயே பெஸ்ட் இடம்ணே அது. நானா இருந்தா காசு குடுத்து உக்காருவேன்.

முதல் நாளு, ஒரு குத்துப் பாட்டு நல்லா சூடு பிடிக்குது. அக்கா எந்திரிச்சு வந்துச்சு. ஆட வருதுன்னு நினைச்சேன்.

"தம்பி, அதைக் கொஞ்சம் நிப்பாட்டு."

"எதைக்கா?"

"அந்த இழவைத்தான்."

அண்ணே, என்னைத் திட்டியிருக்காங்க, அடிச்சிருக்காங்க. நான் போட்ட பாட்டை நிப்பாட்டுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நான் சொன்னேன், "அக்கா, பாட்டு பிடிக்காத மனுசனே உலகத்துல கிடையாது. உங்க பாட்டு இன்னும் உங்களுக்கு மாட்டல, அவ்வளவுதான். நான் பிடிச்சுத் தர்றேன்." அக்கா என்னை ஒரு பார்வை பாத்துட்டு போயி உக்காந்துக்கிச்சு. தலையில இருந்த பஞ்சைக் கொஞ்சம் எடுத்து உருட்டி காதுல வச்சுக்கிச்சு. பாவம், காதுவலி போல.

மறுநாளு முதலாளிகிட்ட புகாரு போயிருச்சு. முதலாளி ஷெட்டுல என்னைக் கூப்பிட்டு, "டேய், அந்தம்மா எந்த வண்டியில ஏறுதோ அதுலதான் மில்லுப் பொம்பளைங்க எல்லாம் ஏறுவாங்க. அது வெற்றிவேலனுக்குப் போச்சுன்னா மொத்தமாப் போச்சு. இன்னொரு தடவை அந்தம்மா வாயைத் திறந்துச்சு, செட்டையும் கழட்டிருவேன், உன்னையும் கழட்டிருவேன்"னாரு.

வேற ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? காலையில செட்டை அமத்திட்டுப் போயிருப்பான். நான் அப்படிப்பட்டவனா? பாட்டுக்காரன்ணே. அந்தக்காவுக்குப் பிடிச்ச பாட்டைக் கண்டுபிடிச்சே தீருவேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன். முதலாளி கழட்டுறதுக்குள்ள கண்டுபிடிக்கணும், அதுதான் பந்தயம்.

முதல்ல பழசு போட்டேன். அந்த வயசுக்காரங்க பழசுக்கு உருகிருவாங்கல்ல. அக்கா கண்ணைத் திறக்காமலே, "எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்தா இதைத்தான் பாடுவாரு"ன்னுச்சு. பின்சீட்டுல இருந்து இன்னொரு அக்கா, "எங்க வீட்டுலயும் அதான். ஒரே கடையில குடிப்பானுக போல"ன்னுச்சு. சரி, பழசு அவுட்டு.

அடுத்து சாமி பாட்டு, வரிசையா. "ஏப்பா, சாமிகூட ராத்திரியானா நடை சாத்திட்டு படுக்கும்"னுச்சு. விடிஞ்சு வெயில் அடிக்குது, இந்தக்கா ராத்திரிங்குது! மில்லு வேலையில மூளை குழம்பிருச்சோன்னு எனக்கு நெசமாவே பயம்.

அப்புறம் ஒப்பாரி. சிரிக்காதீங்கண்ணே, சாமர்த்தியமாத்தான் யோசிச்சேன். குத்தும் வேணாம், சாமியும் வேணாம்னா, மனசுல ஏதோ துக்கம் இருக்குன்னுதானே அர்த்தம்? நான் போன்ல பதிஞ்சு வச்சிருந்தேன், அதே சட்டைப் பட்டன் போன இடத்துல பதிஞ்சது. போட்டேன். நாலு சீட்டு தள்ளி ஒரு பொண்ணு ஓன்னு அழ ஆரம்பிச்சுச்சு. அதைப் பாத்து பக்கத்துல இருந்தது அழுதுச்சு. மில்லுக்கூட்டம் மொத்தமும் அழுவுது. ஸ்டாப்புல ஏற நின்ன ஒரு பெரியவரு உள்ள எட்டிப் பாத்துட்டு, "பாடி எங்கய்யா?"ன்னு கேட்டாரு. தவசி அண்ணன் என்னைக் காட்டி, "இந்தா உக்காந்திருக்குல்ல"ன்னாரு.

மெட்டல் போட்ட அன்னைக்கு இன்னும் கேவலம். பாட்டு ஆரம்பிச்ச உடனே சிக்கந்தர் பாய் ஓரங்கட்டி வண்டியை நிறுத்திட்டாரு. "இறங்குடா ரீகன், இஞ்சின்ல ஏதோ உடைஞ்சிருச்சு." என்னை எழுப்பி விட்டு, பெட்டியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாக்குறாரு. நான், "பாய், அது பாட்டு"ங்குறேன். "எது பாட்டு?" "அந்தா உடையுதுல்ல, அதுதான் பாட்டு." மூணாவது சீட்டுல இருந்து அக்கா சொல்லுச்சு: "பாயி, நீங்க பயப்படாதீங்க. எங்க டிபார்ட்மெண்டு மிசினு இப்படித்தான் கத்தும். ராத்திரி பூரா ஓசியில கேட்டுட்டுத்தான் வர்றோம்."

பொம்பளைங்க எல்லாம் சிரிக்கிறாங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா உள்ள எரிஞ்சுச்சு.

ஒரு நாளு நேரடியாவே கேட்டுட்டேன். பக்கத்துல போயி கம்பியைப் பிடிச்சு நின்னு, "அக்கா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

அக்கா அன்னைக்குத்தான் என்கிட்ட முகம் குடுத்துப் பேசுச்சு. "தம்பி, வீட்டுக்குப் போனா மாமியார் படுக்கையில கிடக்கு. அதைத் தொடச்சு விட்டு, மாட்டை அவுத்துக் கட்டி, பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பி, உலை வச்சு நிமுந்தா அடுத்த ஷிஃப்ட்டுக்கு வேன் வந்துரும். மில்லு கேட்டுல ஏறி கரட்டுப்பிரிவுல இறங்குற வரைக்கும்தான் எனக்குன்னு..."

நான் குறுக்கே விழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும்க்கா, உங்களுக்கு ராகம் பிடிக்குமா, தாளம் பிடிக்குமா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னேன். விட்டா குடும்பக் கதையிலயே ஸ்டாப்பு வந்துரும்ணே. நமக்கு விசயம் முக்கியம்ல?

அக்கா பையை மடியில இழுத்து வச்சுக்கிச்சு. "நல்ல பயதான். ஆனா காது இருக்க வேண்டிய இடத்துலயும் உனக்கு வாய்தான் இருக்கு"ன்னுட்டு திரும்பிக்கிச்சு. எவ்வளவு திமிரு பாருங்க. என்னையப் பாத்து காது இல்லேங்குது! தப்ஸ் அடிக்கிறது யாரு, தாஜுதீனா அவர் தம்பியான்னு சத்தத்தை வச்சே சொல்ற ஆளுண்ணே நானு.

அப்பத்தான் முடிவு பண்ணுனேன். இனிமே யாரோ போட்ட பாட்டு வேணாம். நானே கட்டுறேன்.

என்கிட்ட இருந்ததை எல்லாம் இறக்கிட்டேன். நான் போன்ல பதிஞ்சது, இத்தனை வருசத்துச் சேர்மானம். முதல்ல ஒத்தப் புல்லாங்குழலு. கேக்குதா, இல்ல மனசுக்குள்ள ஓடுதான்னு சந்தேகமா இருக்கும். அதுக்கடியில எங்க கொயரு. வார்த்தையே இல்ல, வெறும் ம்ம்ம்முனு ஒரு இழுப்பு. நானும் அதுல இருக்கேன், தேடுனா கிடைப்பேன். அப்புறம் தப்ஸ், விரல் நுனியால மட்டும். அந்த கச்சேரிக்காரரு, அதான் ஓட்டைப் பிரிச்சவரு, அவரு ஆரம்பத்துல ஸ்ருதி பிடிச்சு மெதுவா உருட்டுன இடம். நடுவுல ஷில்லாங் பையனோட கிட்டாரு, கத்தாம, மழை ஓஞ்சப்புறம் கூரையில சொட்டுற மாதிரி. கரட்டுப்பிரிவு வரப் போற வரைக்கும் இப்படியே.

இதெல்லாம் சும்மாண்ணே. தந்திரம். அமைதியா இருந்தாத்தானே அடி விழும்போது தெரியும்? கடைசி அஞ்சு நிமிசம்தான் மெயினு. ரெண்டு தவிலு, நாகஸ்வரம், பறை, கொயரு முழுத் தொண்டையில, தப்ஸ் அஞ்சு கை சேந்து, ஷில்லாங்காரன் கிட்டாரு முழுக் கத்தலு, அதுக்கு மேல அந்த ஒப்பாரி அத்தையோட குரலு. எல்லாம் ஒரே தாளத்துல. ஊரு மொத்தமும், எந்தத் தெருக்காரன்னு பாக்காம, ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்ட மாதிரிண்ணே. அதைச் சேத்து முடிச்சுட்டு நானே அழுதுட்டேன். எங்கம்மா வந்து பாத்துட்டு, "வேலைக்குப் போகச் சொன்னா அழுவுறான் பாரு"ன்னு போயிருச்சு.

திங்கக்கிழமை போட்டேன். மில்லு கேட்டு தாண்டுது. குழலு ஆரம்பிச்சிருச்சு. நான் திரும்பி அக்கா மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கேன். புருவம் லேசா இறங்குச்சு. ஆகா, பிடிக்குது! காதுல இருந்து பஞ்சை எடுத்து வெளிய போட்டுச்சு. கொயரு வருது. கண்ணு மூடுது. ரசிக்குதுண்ணே! தப்ஸ் வருது, தலை தாளத்துக்கு ஆடுது. ஆடுது, ஆடுது... ஜன்னல் கம்பியில போயி சாஞ்சிருச்சு.

வாய் லேசாத் திறந்திருச்சு.

தூங்கிருச்சுண்ணே.

நான் உசுரைக் குடுத்துக் கட்டுன பாட்டுல, தூங்கிருச்சு! சரி இது ஒண்ணுதான்னு பாத்தா, பக்கத்து சீட்டு இது தோள்ல சாயுது. பின்சீட்டுல ஒண்ணு இன்னொண்ணு தோள்ல சாயுது. மில்லுக்கூட்டம் மொத்தமும், நெல்லு அறுத்துப் போட்ட மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு.

சிக்கந்தர் பாய் கண்ணாடியில பாத்தாரு. கியரைக் குறைச்சாரு. பள்ளம் வந்தா சுத்தி ஓட்டுறாரு. எந்தப் பள்ளத்தையும் விட்டு வைக்காத மனுசண்ணே அவரு! தவசி அண்ணன் விசிலைச் சட்டைப் பைக்குள்ள போட்டுட்டு கையால சைகை காட்டுறாரு. பின்னாடி வெற்றிவேலன் ஆரனை அமுக்கிக்கிட்டே வந்து பக்கத்துல ஒட்டுனான். தவசி அண்ணன் படியில நின்னு வாயில விரலை வச்சு "ஷ்ஷ்"ங்குறாரு. அவனுக்கு ஒண்ணும் புரியல. எங்களைத் தாண்டிப் போறான். தாண்ட விட்டுட்டாங்கண்ணே, மானங்கெட்டவங்க!

பரவால்ல, மெயின் வருதுல்ல, எல்லாரும் துள்ளி எந்திரிக்கப் போறாங்கன்னு நான் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். தவிலு விழப் போகுது. இன்னும் ஒரு மூச்சுதான். சிக்கந்தர் பாய் ஸ்டியரிங்ல இருந்து இடது கையை எடுத்தாரு. குழந்தை கன்னத்தைத் தொடுற மாதிரி செட்டு பொத்தானைத் தொட்டாரு.

அமத்திட்டாரு.

"பாய்!"ன்னேன். "மெதுவாப் பேசு"ன்னாரு.

கரட்டுப்பிரிவுல வண்டி நிக்குது. யாரும் அக்காவை எழுப்பல. வண்டி நின்னுக்கிட்டே இருக்கு. ஒரு காலேஜ் பையன், "என்னண்ணே, ரிப்பேரா?"ங்குறான். தவசி அண்ணன் காதுக்குள்ள சொல்ற மாதிரி, "சத்தம் போட்டே, கொன்னுபோடுவேன்"ங்குறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா தானா முழிச்சுச்சு. வாயோரத்தைத் தொடச்சுக்கிட்டு வெளிய பாத்துச்சு, ஸ்டாப்பு. உள்ள பாத்துச்சு, பஸ்ஸே அதைப் பாக்குது. வெக்கப்பட்டுக்கிட்டே பையை எடுத்துக்கிட்டு வந்துச்சு. என்கிட்ட வந்ததும் என் தலையில கையை வச்சு ஒரு ஆட்டு ஆட்டிட்டு, "தம்பி, நாளைக்கும் இதையே போடு"ன்னுட்டு இறங்கிருச்சு.

நக்கல் பண்ணிட்டுப் போகுதுண்ணே! குறட்டை விட்டுட்டு, அதையே போடுங்குது!

அப்புறம் கேளுங்க கூத்தை. ரெண்டு வாரத்துல அந்தப் பக்கத்து மில்லுப் பொம்பளைங்களும் வெற்றிவேலனை விட்டுட்டு எங்க வண்டிக்காக நிக்குறாங்க. "தூங்குற வண்டி வந்துருச்சா"ன்னு கேக்குறாங்களாம். முதலாளி வந்து தோளைத் தட்டி, "கலக்கிட்டடா ரீகன், மொத்த பஸ்ஸும் மட்டை"ங்குறாரு. ஒரு பாட்டுக்காரன்கிட்ட சொல்ற வார்த்தையாண்ணே இது? சாப்பாட்டுக் கடைக்காரன்கிட்ட, உன் சாப்பாட்டைப் பாத்தாலே எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சிருதுன்னு சொன்னா அவன் சந்தோசப்படுவானா?

நான் சும்மா இருக்கல. மெயினைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சுப் பாத்தேன். பாய் மோப்பம் பிடிச்சுட்டாரு, கை பொத்தான் மேலயே இருக்கு. "பாய், அந்தக் கடைசி அஞ்சு நிமிசத்துக்காகத்தான் முன்னாடி இருக்கிறதெல்லாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை"ன்னு கெஞ்சுனேன். "முன்னாடி இருக்கிறதே போதும்டா, அல்லா உனக்கு நல்லது செய்வான்"னாரு. நேத்து செட்டுல இருந்து பிடுங்கிட்டேன் பென் டிரைவை. இதோ, சட்டைப் பையில இருக்கு. திருச்சியில ஒரு டூரிஸ்ட் பஸ்காரன் கூப்பிட்டிருக்கான். உள்ள டிஸ்கோ லைட்டு, ஏறுனவன் இறங்குற வரைக்கும் ஆடுவானாம். அங்க போறேன். இனிமே நானாச்சு, முழிச்சிருக்கிற சனங்களாச்சு.

ஒரு நிமிசம்ணே. போனு. தவசி அண்ணன்தான். எடுக்கலாமா? எடுக்க மாட்டேன். சரி, எடுக்குறேன்.

ஆங், சொல்லுங்க. எங்கயா? அய்யலூர் தாண்டிட்டேன். இல்ல, வர மாட்டேன். யாரு? அக்காவா? அக்காகிட்ட எதுக்குக் குடுக்குறீங்க, நான் பேச மாட்டேன்னு... அக்கா, வணக்கம்க்கா.

ம். ம். நீங்க கேக்கணும்னுதானே போட்டேன்... ஆமா, கடைசியில ஒண்ணு இருக்கு. யாரு சொன்னா? பாயா? ஆமாக்கா, அவருதான் அமத்துனாரு. தினமும் அமத்துனாரு. நாளைக்கா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு லீவுல்ல? ம். ம்... சரிக்கா. சரி. குடுங்க அவருகிட்ட.

அண்ணே... அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. காத்து ஜாஸ்தி.

அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? நாளைக்கு லீவாம். மக வந்து மாமியாரைப் பாத்துக்குதாம். பகல் பூரா, ராத்திரி பூரா நல்லாத் தூங்கிட்டு, நாளைக்குக் காலையில குளிச்சுப் பூ வச்சுக்கிட்டு, மில்லுக்கும் இல்ல, சந்தைக்கும் இல்ல, அந்தக் கடைசி அஞ்சு நிமிசம் என்னன்னு கேக்குறதுக்குன்னே டிக்கெட் எடுத்து மயில்ராணியில ஏறுதாம். "நீ கட்டுனதுல முக்கா பாகம்தானே எனக்குத் தெரியும்"னுச்சு. பாயும் பொத்தான்ல கை வைக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டாராம்.

பாத்தீங்களாண்ணே? நான் அப்பவே சொன்னேன்ல, பாட்டு பிடிக்காத மனுசனே கிடையாதுன்னு! சித்திரையில இருந்து முறுக்கிக்கிட்டு இருந்துச்சு, கடைசியில வந்துச்சா வழிக்கு? ஜெயிச்சது யாரு, சொல்லுங்க. இறங்கி வந்தது யாரு?

ஹலோ, தவசி அண்ணே, லைன்ல இருக்கீங்களா? கேளுங்க. மூணாவது சீட்டு மேல இருக்கிற ஸ்பீக்கரு லேசாக் கரகரங்குது. அந்த வயரைப் பிடுங்கி விடுங்க, திங்கக்கிழமை மறுபடி தூங்கும்போது காதுல குத்தும். பின்னாடி இருக்கிறது போதும். ஆமா, நாளைக்கு மட்டும் மாட்டிக்கலாம். எனக்கு என்ன அக்கறையா? அக்கறையெல்லாம் ஒண்ணும் இல்ல, கரகரங்கிற ஸ்பீக்கரு எனக்கு ஆகாது, அவ்வளவுதான். வைங்க.

கண்டக்டர் சார்! வையம்பட்டியில ஒரு ஆளு இறங்கணும்! திருச்சி டிக்கெட்டுதான், பரவால்ல, மிச்ச தூரத்துக்கு என் சீட்டுல நீங்க காலை நீட்டிக்கங்க!

அந்தப் பையை எடுத்துக் குடுங்கண்ணே. இல்ல, நாளைக்குக் காலையிலதான், ஆனா இன்னைக்கே போயி ஒரு தடவை ஓட்டிப் பாத்துரணும். எனக்குப் பாட்டைப் பத்திக்கூடக் கவலை இல்லண்ணே, அது நிக்கும். நான் பாக்க வேண்டியது வேற. இத்தனை மாசம் அந்தக்காவையே பாத்துக்கிட்டு வந்திருக்கேன். தூக்கக் கலக்கம் இல்லாத மூஞ்சியா அது எப்படி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாதுண்ணே.